பதினான்கு மாதங்களுக்குப் பிறகு ஒரு வெள்ளரித் துண்டு: கேமரன் மலை, 1984

போன வாரம் ஒரு வாசகர் எழுதியிருந்தார். இலியோஸ்டமி அறுவை செய்து ஐந்து மாதம் ஆகிறதாம். மனைவியோடு கேமரன் மலைக்குப் போக ஆசை. ஆனால் அங்கே வழியெல்லாம் காய்கறிக் கடையாக இருக்குமே, பச்சையாக எதையாவது வாயில் வைக்கலாமா, இல்லை வேடிக்கை பார்த்துவிட்டுத் திரும்ப வேண்டியதுதானா என்று கேட்டிருந்தார். அவருக்குப் பதில் எழுத உட்கார்ந்தேன். எழுத எழுத, நானும் என் மனைவி சரோஜாவும் 1984இல் போய்வந்த பயணம் முழுசாக ஞாபகத்துக்கு வந்துவிட்டது. அதையே இங்கே எழுதிவிடுகிறேன்.

தெரியாதவர்களுக்கு ஒரு வார்த்தை. இலியோஸ்டமி என்றால், நோய்பட்ட பெருங்குடலை எடுத்துவிட்டு, சிறுகுடலின் முனையை வயிற்றின் வலப்பக்கம் வெளியே கொண்டுவந்து தைத்துவிடுவார்கள். அந்த வாயைத்தான் ஸ்டோமா என்பார்கள். கழிவு அதன் வழியே, வயிற்றில் ஒட்டியிருக்கும் பைக்குள் இறங்கும். பையை நாமே அவ்வப்போது காலி செய்துகொள்ள வேண்டும். எனக்கு முப்பத்தொரு வயதில் அது நடந்தது. அப்போது ஈப்போவில் ஓர் அச்சகத்தில் எழுத்துக் கோர்க்கும் வேலை.

அறுவை முடிந்த மூன்றாம் மாதம் ஒரு தவறு செய்தேன். பசியில் ஒரு முழுச் சோளக் கதிரை அவசரமாகக் கடித்து விழுங்கினேன். அன்று மாலையே குடல் அடைத்துக்கொண்டது. மூக்கில் குழாயோடு இரண்டு நாள் ஆஸ்பத்திரியில் கிடந்தேன். அதற்குப் பிறகு எங்கள் வீட்டில் குழையாத காய் என்று ஒன்று கிடையாது. கேரட், பூசணி, உருளை எல்லாமே மசித்த பிறகுதான் தட்டுக்கு வரும். "ஒவ்வொன்றாக, கொஞ்சம் கொஞ்சமாகப் பழகிக்கொள்ளலாம்" என்று டாக்டர் சொன்னதென்னவோ உண்மை. எங்கள் இருவர் காதிலும் அது ஏறவில்லை.

ஆகஸ்டில் அச்சகத்தில் இயந்திரம் மாற்றுவதற்காக ஐந்து நாள் மூடினார்கள். சரோஜா மலையில் பிறந்தவள். கியா பார்முக்கும் கம்போங் ராஜாவுக்கும் இடையில் ஒரு தேயிலைத் தோட்டம். பெற்றவர்கள் இல்லை. தம்பி முருகையா மட்டும் அங்கே தொழிற்சாலையில் வேலை பார்த்தான். என் அறுவைக்குப் பிறகு அவள் ஒருமுறைகூட ஊருக்குப் போகவில்லை. நானே "கிளம்பு" என்றேன்.

காலை ஏழரைக்கு ஈப்போவில் பஸ். தாப்பாவுக்கு ஒன்பது மணிக்குப் போய்ச் சேர்ந்தோம். மலை பஸ் பத்தேகால் மணிக்கு. இடையில் பஸ் நிலையக் கழிப்பறையில் பையைக் காலி செய்துகொண்டேன். இதை யாரும் மறக்க வேண்டாம். மேலே போகப் போகக் காற்று லேசாவதால் பை கொஞ்சம் உப்பும். எனக்கு அது தெரியாமல், ரிங்லெட் தாண்டும்போது சட்டைக்குள் பலூன் மாதிரி எழும்பியது. சரோஜா தன் சால்வையை என் மடியில் போட்டுவிட்டு, ஒன்றும் நடக்காததுபோல் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

தாப்பாவிலிருந்து தானா ராத்தா ஏறக்குறைய அறுபது கிலோமீட்டர். இரண்டு மணி நேரத்துக்குக் குறையாமல் வளைவுதான். டிரைவர் என் முகத்தைக் கண்ணாடியில் பார்த்துவிட்டு, "அண்ணே, வாந்தி வந்தா சொல்லுங்க லா, நிப்பாட்டுறேன்" என்றார். வாந்தி வரவில்லை. பயம்தான் வந்தது. பன்னிரண்டரைக்குத் தானா ராத்தாவில் இறங்கினோம். முருகையா தோட்டத்து லோரியோடு காத்திருந்தான்.

பிரிஞ்சாங்கைக் கடந்து கியா பார்மில் லோரியை நிறுத்தினான். மூன்று, நான்கு கிலோமீட்டர் ஏற்றம்தான், ஆனால் குளிர் சட்டென்று மாறிவிடும். அவனுக்குப் பழக்கமான ஒரு சீனப் பெண்மணியின் தோட்டம் சாலையோரமே இருந்தது. அவர் மண்ணிலிருந்து ஒரு கொத்துக் கேரட்டைப் பிடுங்கிக் குழாயடியில் கழுவிக் கொடுத்தார். முருகையா ஒன்றை ஒடித்து அக்காவிடம் நீட்டினான்.

"வேணாம்டா."

"ஏன்க்கா? ஸ்கூல் விட்டு வரும்போது வரப்புல உக்காந்து மூணு நாலு தின்னுட்டுத்தானே வீட்டுக்கு வருவ?"

"பல்லு கூசுதுடா."

அவன் அதை என்னிடம் நீட்டினான். சரோஜா பாய்ந்து வந்து அவன் கையைத் தட்டிவிட்டாள். கேரட் தரையில் விழுந்தது. அந்தப் பெண்மணி திகைத்துப்போய் எங்களைப் பார்த்தார். சரோஜா அவரிடம் மலாய் மொழியில் மன்னிப்புக் கேட்டு, அந்தக் கொத்தை விலைக்கு வாங்கிக்கொண்டாள்.

மாலை ஆறு மணி இருக்கும். தோட்டத் தொழிலாளர் லயத்தில், முருகையாவின் வீட்டு முன்னால் நாங்கள் இருவரும் தேநீர் குடித்துக்கொண்டிருந்தோம். முருகையா வாங்கி வைத்திருந்த முறுக்கைச் சரோஜா கறுக்முறுக்கென்று கடித்துக்கொண்டிருந்தாள்.

"பல்லு கூசுதுன்னு சொன்னே?"

அவள் மெல்லுவதை நிறுத்திவிட்டாள். நான் விடவில்லை. "நீ பச்சைக் காய் சாப்பிட்டு எத்தனை நாளாச்சு?"

"அதெல்லாம் எதுக்கு இப்ப?"

"சொல்லு."

"உங்களுக்கு ஆப்பரேஷன் ஆனதுலேருந்து."

பதினான்கு மாதம். உலாம் என்கிற பச்சிலையும் வெள்ளரிக்காயும் இல்லாமல் சோறு இறங்காத பெண் அவள். எனக்கு வெட்கமாக இருந்தது. ஒரே மேசையில் எதிரே உட்கார்ந்து சாப்பிட்டிருக்கிறேன். ஒருநாளும் கவனிக்கவில்லை.

"நான் கேட்டனா உன்னை?"

"நீங்க மசிச்சத சாப்பிட்டுக்கிட்டு இருப்பீங்க, நான் எதிர உக்காந்து நறுக்கு நறுக்குன்னு கடிக்கணுமா? என்னால முடியாதுங்க."

நான் கோப்பையைக் கீழே வைத்தேன். பிறகு நான், "நாளைக்கு ஒரு துண்டு சாப்பிட்டுப் பாக்குறேன்" என்றேன். அவள் உடனே அழுதுவிட்டாள். "மறுபடி குழா போட்டுப் படுத்தீங்கன்னா இந்த மலையில நான் என்னங்க பண்ணுவேன்?" என்றாள். அவள் கேட்டது நியாயம். அதனால் அவசரப்படாமல், முதலில் தோட்டத்து மருந்தகத்தில் கேட்பது என்று முடிவு செய்தோம்.

தோட்ட மருந்தகத்தைப் பார்த்துக்கொள்பவரை எல்லோரும் டிரெசர் என்றுதான் அழைப்பார்கள். ஐம்பது வயதிருக்கும், நிதானமான மனிதர். மறுநாள் காலை எட்டு மணிக்கு என் வயிற்றைத் தொட்டுப் பார்த்து, ஸ்டோமா சிவப்பாக, ஈரமாக இருக்கிறதா என்றும் பார்த்தார். "ஆப்பரேஷன் ஆறி வருஷம் தாண்டிருச்சு. டாக்டர் வேணாம்னு சொல்லலைன்னா சாப்பிடலாம். கேரட்டு இப்ப வேணாம், கெட்டி. வெள்ளரிக்காய எடுங்க. தோலச் சீவி, வெதைய வழிச்சிட்டு, காகிதம் மாதிரி நறுக்கணும். ஆறவச்ச சுடுதண்ணியில கழுவுங்க. இங்க பயிருக்கெல்லாம் கோழிச் சாணம் போடுறாங்க, தெரியும்ல? வாயில கூழாகுற வரைக்கும் மெல்லணும். புதுசா ஒண்ணுதான் ஒரு நாளைக்கு. ரெண்டு சேர்த்துச் சாப்பிட்டா, எது ஒத்துக்கலன்னு எப்படித் தெரியும்?" என்றார். வலி வந்து, பையில் எதுவும் இறங்காமல், வயிறு உப்பினாலோ வாந்தி எடுத்தாலோ எந்த நேரமானாலும் வரச்சொன்னார். தானா ராத்தா ஆஸ்பத்திரிக்கு லோரியில் முக்கால் மணி நேரத்துக்குள் போய்விடலாம் என்றும் சொன்னார். அந்தக் கடைசி வார்த்தைதான் சரோஜாவுக்குத் தைரியம் கொடுத்தது.

பதினொன்றரை மணிக்கு, குழைந்த சோறும் ரசமும் முடித்தபின் சாப்பிடுவதாக ஏற்பாடு. ஆனால் சோறு இறங்கவில்லை. இரண்டு கவளத்தோடு தட்டைத் தள்ளிவிட்டு, நேராக வெள்ளரிக்குப் போனேன். நான்கு துண்டு. ஒவ்வொன்றும் பின்னால் வெளிச்சம் தெரியும் அளவுக்கு மெல்லியது. சரோஜா அரை மணி நேரம் சீவியிருப்பாள். முதல் துண்டை வாயில் வைத்தேன். குளிர்ச்சி, நீர், மண்வாசனை. 'நறுக்' என்று ஒரு சத்தம் என் தலைக்குள் கேட்டது. அந்தச் சத்தம் எனக்கு மறந்தே போயிருந்தது. மென்றுகொண்டே இருந்தேன். எதிரே சரோஜாவின் வாயும் என்னோடு சேர்ந்து அசைந்துகொண்டிருந்தது.

ஒரு மணி. இரண்டு மணி. பையில் ஒன்றுமில்லை. இரண்டரைக்கு வயிற்றில் ஒரு பிடிப்பு. நான் சொல்லவில்லை, ஆனால் அவள் என் முகத்தைப் பார்த்தே கண்டுபிடித்துவிட்டாள். தேயிலைச் சரிவின் ஓரம் மெல்ல நடந்தோம். மலையில் கொழுந்து கிள்ளிக்கொண்டிருந்தவர்கள் "என்ன சரோஜா, புருஷனுக்கு ஊர சுத்திக் காட்டுறியா?" என்று கூப்பிட்டார்கள். அவள் சிரித்துக் கையசைத்தாள். இன்னொரு கை என் முழங்கையை இறுக்கிப் பிடித்திருந்தது. மூன்றரைக்கு மறுபடி பிடிப்பு. அவள் என்னிடம் எதுவும் கேட்காமல், தொழிற்சாலைக்கு ஆள் அனுப்பி முருகையாவை லோரி எடுக்கச் சொல்லிவிட்டு, என்னை மருந்தகத்துக்கு இழுத்துக்கொண்டு போனாள்.

டிரெசர் படுக்கவைத்து வயிற்றை அழுத்தினார். மெத்தென்று இருந்தது. வாந்தி இல்லை. ஸ்டெதாஸ்கோப் வைத்துச் சத்தம் கேட்டார். பிறகு கேட்டார், "காலையில என்ன சாப்பிட்டீங்க?"

"ஒண்ணும் சாப்பிடல."

"நேத்து ராத்திரி?"

"ரெண்டு பிஸ்கட்டு. பயமா இருந்துச்சு."

"மத்தியானம் சோறு?"

"ரெண்டு கவளம்."

அவர் சரோஜாவைத் திரும்பிப் பார்த்தார். "ஏம்மா, உள்ள ஒண்ணும் போகல. அப்புறம் பையில என்ன வரும்? வெறும் வயித்துல காத்துதான் சுத்துது."

ஒரு குவளை நீரில் உப்பும் சீனியும் கலந்து கொடுத்தார். பெருங்குடல் இல்லாதவன் உப்பையும் நீரையும் நிறைய இழக்கிறான், பட்டினி கிடக்கவே கூடாது என்று கொஞ்சம் கடிந்துகொண்டார். ரொட்டியைத் தேநீரில் தோய்த்துச் சாப்பிடச் சொல்லி, தன் கண்ணெதிரிலேயே உட்காரவைத்தார். வெளியே முருகையா லோரி இன்ஜினை அணைக்காமல் நின்றுகொண்டிருந்தான்.

நாலே முக்காலுக்குப் பை கனத்தது. நான் சரோஜாவின் கையை எடுத்துச் சட்டைமேல் வைத்தேன். இளஞ்சூடு. அவள் அந்தக் கையை எடுக்கவே இல்லை. டிரெசர் ஏதோ எடுக்கப்போவதுபோல் உள்ளறைக்குப் போய்விட்டார். ஒரு மனிதன் மலம் கழித்ததற்கு இன்னொரு மனுஷி அப்படிச் சந்தோஷப்பட்டதை நான் கண்டதில்லை. வெளியே வந்து தம்பியிடம், "வந்துருச்சுடா!" என்று கத்தினாள். அவன் இன்ஜினை அணைத்துவிட்டு, "என்னக்கா, பிள்ளையா பொறந்திருச்சு?" என்றான்.

மீதியிருந்த இரண்டு நாளும் வயிறாரச் சாப்பிட்ட பிறகே பச்சைக் காய் சாப்பிட்டேன். ஒருநாள் அதே வெள்ளரி. மறுநாள் சுடுநீரில் தோலுரித்து விதை எடுத்த தக்காளி. இரண்டும் ஒத்துக்கொண்டன. பிறகு ஈப்போவில், வாரத்துக்கு ஒன்றாகச் சாலட் இலை, துருவிய கேரட் என்று பழகினேன். முட்டைக்கோஸ் பச்சையாக எனக்கு இன்றுவரை ஆகாது. செலரி, காளான், சோளம், தேங்காய்த் துண்டு இவற்றின் பக்கம் போவதில்லை. உங்களுக்கு வேறு மாதிரி இருக்கலாம்.

இனி அந்த வாசகருக்கு. முதலில் உங்கள் டாக்டரிடமோ ஸ்டோமா நர்ஸிடமோ கேட்டுக்கொள்ளுங்கள். ஐந்து மாதம் என்பது உங்கள் உடலுக்குப் போதுமா என்று அவர்களுக்குத்தான் தெரியும். பயணத்துக்கு வழக்கத்தைவிட இரண்டு மடங்கு பை எடுத்துக்கொண்டு, கைப்பையிலேயே வையுங்கள். மலைக் குளிரில் பசை விறைக்கும், ஒட்டுமுன் உள்ளங்கையில் கொஞ்ச நேரம் வைத்துச் சூடாக்குங்கள். சாலையோரக் கடையில் நறுக்கி வைத்ததை வாங்காதீர்கள். முழுக் காயை வாங்கி, அறையில் நன்றாகக் கழுவித் தோல் சீவுங்கள். பகலில், மருத்துவமனை எட்டும் தூரத்தில் இருக்கும்போது மட்டும் புதிதாக ஒன்றைச் சோதியுங்கள். நிறையத் தண்ணீர் குடியுங்கள். பையில் இறங்குவது நின்று வலி, வீக்கம், வாந்தி என்று வந்தால், காத்திருக்காமல், பேதி மருந்து எதுவும் எடுக்காமல், நேரே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். என்னுடையது வெறும் காற்றாகப் போனது, எல்லாருக்கும் அப்படி இருக்காது.

இன்னொன்று. மனைவியோடு போவதாக எழுதியிருக்கிறீர்கள். இன்று இரவு சாப்பிடும்போது அவர் தட்டைப் பாருங்கள். முன்பு இருந்து இப்போது இல்லாதது ஏதாவது இருந்தால், ஏன் என்று கேட்டுவிடுங்கள். பல் கூசுகிறது என்று சொன்னால் நம்பாதீர்கள்.