நான்கு அட்சர மௌனம்

கரோல் பாகில் எங்கள் கட்டடத்தின் மூன்றாம் தளத்தில் வசிக்கும் சுஷ்மா, மத்திய அரசின் ஓர் அமைச்சகத்தில் உதவியாளர். பூர்வீகம் கும்பகோணம், பிறந்ததும் வளர்ந்ததும் தில்லி. வீட்டில் பேசுவது கும்பகோணத்துத் தமிழ், காய்கறி வாங்குவது இந்தியில், கோபம் வந்தால் இரண்டும் சேர்ந்து வரும். தமிழ் எழுத்து மட்டும் வராது. ஆகவே தாம் இயற்றும் தமிழ்ப் பாடல்களைத் தேவநாகரியில் எழுதி வைத்துக்கொள்வார். வாழ்நாளெல்லாம் தமிழாசிரியராக இருந்த நான் அத்தாளைப் பலமுறை வாங்கிப் பார்த்து, திருத்துவதற்குத் தமிழில் ஓர் ஒற்றெழுத்துக்கூட அகப்படாமல் திருப்பிக் கொடுத்திருக்கிறேன்.

சுஷ்மாவுக்குக் கனத்த குரல். எட்டு வயதில் ஒரு நவராத்திரிக் கொலுவில் பாடியபோது, அடுக்களையிலிருந்து ஒரு மாமி, "யாரது, வாத்தியார் பிள்ளையா பாடறான்?" என்று கேட்டுவிட்டார். அன்றோடு சுஷ்மா கொலுவில் பாடுவதை நிறுத்திக்கொண்டார். கொலுவுக்கு வரும் பெண்கள் அனைவரும், "தொண்டை சரியில்லை" என்று தொடங்கி மூன்று பாட்டுப் பாடிவிட்டு எழுவது வழக்கம். சுஷ்மா அவ்வாறு சொன்னால் மட்டும் எல்லாரும் உடனே நம்பினார்கள். ஆரத்தித் தட்டை அவர் கையில் கொடுத்தார்கள்.

பாட்டு வேறு வழியில் வெளியே வந்தது. சுஷ்மா ஒரு மைக் வாங்கினார். இரும்பு பீரோவுக்கும் சுவருக்கும் இடையிலுள்ள சந்தில், தில்லிக் குளிருக்கென்று வைத்திருந்த தடித்த பஞ்சுப் போர்வைகளான இரண்டு ரஜாய்களைத் தொங்கவிட்டு உள்ளே நின்று பாடினார். ஒலிப்பதிவுப் பொறுப்பு கணவர் சந்திரசேகருடையது. அவர் வேறோர் அமைச்சகத்தில் பிரிவு அதிகாரி. கோப்புகளை எவ்வளவு ஒழுங்காக வைப்பாரோ, அவ்வளவு ஒழுங்காக ஒலிப்பதிவுகளையும் வைத்தார்: மடிக்கணினியில் ஒரு நகல், பென் டிரைவில் ஒரு நகல், கைப்பேசியில் ஒரு நகல். எதையும் அழிக்க மாட்டார்.

மே மாத ஞாயிற்றுக்கிழமை ஒன்றில் அவர்கள் ஒரு பாடலைப் பதிவு செய்தார்கள். வாடகை வீட்டில் கொலு வைக்க இடமில்லாத ஒருத்தி அம்பாளை அழைக்கும் பாட்டு அது.

ஒன்பது படி எனக்கில்லை
ஒரு படியில் அமர்வாயோ

மின்விசிறி ஓடினால் மைக்கில் இரைச்சல் விழும் என்பதால் அதை நிறுத்தியிருந்தார்கள். ரஜாய்க்குள்ளே சுஷ்மா அவிந்துகொண்டிருந்தார். சந்திரசேகர் பால்கனிக்கும் மடிக்கணினிக்கும் மாறி மாறி ஓடினார்.

"பையா! தோ மினட் சுப் ரஹோ!" என்று இரண்டு நிமிடம் பேசாதிருக்கும்படி கீழே பார்த்துக் கத்தினார்.

"ஸாப், சுப் ரஹூங்கா தோ பிண்டி கௌன் பேசேகா?" என்றார் கீழே நின்ற காய்கறிக்காரர். வாயை மூடிக்கொண்டிருந்தால் வெண்டைக்காயை யார் விற்பது என்ற அந்தக் கேள்வி நியாயமாகப் பட்டதால், சந்திரசேகர் அரைக் கிலோ வாங்கி அவரை அனுப்பி வைத்தார்.

பல முறை பாடிய பிறகு எல்லாம் கூடி வந்த ஒரு முறையில், "ஒரு படியில்" என்று சுஷ்மா இறங்கி நின்ற கணத்தில், கீழ்த்தளத்துப் பல்பீர் ஆன்ட்டி ராஜ்மாப் பயறு வேகவைத்திருந்த குக்கர் விசில் அடித்தது. நீண்ட, நிதானமான விசில். சுஷ்மா மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தார். அது அடங்கியதும் வாய்க்குள் ஏதோ முணுமுணுத்துவிட்டு, "அமர்வாயோ" என்று தொடர்ந்து முடித்தார்.

"இன்னொரு தடவை பாடலாமா?" என்றார் சந்திரசேகர்.

"இன்னொரு தடவை பாடினா என்னைத்தான் ஆரத்தி எடுத்து அனுப்பணும். விசிலை வெட்டிடுங்கோ."

அவரும் வெட்டினார், பாட்டை இணையத்தில் ஏற்றவும் செய்தார். மறுநாள் அலுவலகத்துக்குப் போகும் மெட்ரோவில்தான் சுஷ்மா அதைக் கேட்டார். விசில் இல்லை. ஆனால் விசில் இருந்த இடம் அப்படியே வெறுமையாக இருந்தது.

"நடுவுல ஏன் இவ்வளவு நேரம் சும்மா இருக்கு?" என்று மாலையில் கேட்டார்.

"விசிலை எடுத்தாச்சே."

"இடத்தை எடுக்கலையே!"

"இடத்தை எப்படி எடுக்கறது? ஃபைல்ல ஒரு பக்கத்தை ரத்து பண்ணினா குறுக்கே கோடு போடுவோம், கிழிக்கறதில்லை. ரெக்கார்டுன்னா ரெக்கார்டு."

சுஷ்மாவின் பெயரும் பாட்டில் இல்லை. அரசு ஊழியர் இணையத்தில் பெயர் போட்டால் யாராவது விளக்கம் கேட்பார்கள் என்று சந்திரசேகர் அஞ்சினார். விதி அவ்வாறு இருக்கிறதா என்று அவர் பார்த்ததில்லை. பார்த்தால் இருந்துவிடுமோ என்று அதற்கும் ஓர் அச்சம். "ரிடையர் ஆனப்புறம் போட்டுக்கலாம்" என்றார். ஆகவே 'வடக்கு ஜன்னல்' என்ற பெயரில், வீட்டுக் குத்துவிளக்கின் படத்தோடு பாட்டு வெளியாயிற்று. ஒரு மாதம்வரை அதற்குக் கிடைத்த ஒரே பாராட்டு, "விளக்கு அழகு. எங்கே வாங்கியது?" என்பதுதான்.

பிறகு யாரோ அப்பாட்டை வாட்ஸ்அப்பில் அனுப்பினார்கள். அதை வாங்கியவர், "மிகப் பழைய பாடல், தவறாமல் கேட்கவும்" என்று மேலே எழுதி வேறு பலருக்கு அனுப்பினார். அது எங்கெங்கே சுற்றியது என்பது சுஷ்மாவுக்குத் தெரியாது. அந்த ஆண்டு நவராத்திரியில், அடுத்த தெருவிலுள்ள கஸ்தூரிரங்கன் வீட்டுக் கொலுவில்தான் தெரிந்தது. நானும் அங்கிருந்தேன்.

கரோல் பாகில் மூன்று தலைமுறைக்குப் பாட்டுச் சொல்லிக்கொடுத்த விசாலம் மாமி தம் மாணவிகளோடு வந்திருந்தார். "பாடுங்கோடி" என்றதும் சிறுமிகள் தொடங்கினார்கள்: ஒன்பது படி எனக்கில்லை.

சுஷ்மாவின் கையிலிருந்த சுண்டல், வாய்க்குப் போகும் வழியில் நின்றது.

"ஒரு படியில்" என்று பாடியதும் சிறுமிகள் நிறுத்தினார்கள். தொடையில் தாளத்தின் அட்சரங்கள் மட்டும் விழுந்தன: ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு. பிறகு எல்லாரும் ஒருசேர, "அமர்வாயோ" என்றார்கள். கூடமே சிலிர்த்தது.

"அந்த மௌனத்தைக் கவனிச்சேளா?" என்றார் விசாலம் மாமி. "அங்கே அம்பாள் யோசிக்கறா. இந்தச் சின்ன ஆத்துல உட்காரலாமா, வேண்டாமான்னு. நாலு அட்சரம் யோசிச்சுட்டுத்தான் உட்கார்றா. யாரோ மகான் பண்ணினது. பேர் தெரியலை. சரஸ்வதி பூஜை அன்னிக்கு நம்ம சபா மேடையில குழந்தைகள் எல்லாரும் பாடப் போறா. என் மருமான் வீடியோ எடுத்து உலகம் பூரா போடப்போறான்."

சுஷ்மா தட்டைக் கீழே வைத்தார். இப்பாட்டு பெயரில்லாத மகான் ஒருவரின் பாட்டாக மேடையேறி உலகைச் சுற்றிவிட்டால், பிறகு எந்தக் காலத்திலும் அது தம்முடையதாகாது என்பது அவருக்குத் தெளிவாகத் தெரிந்தது. கூடத்தின் மறுகோடியில் ஆண்கள் வரிசையில் அமர்ந்திருந்த சந்திரசேகர், பேசாதே என்று கண்ணால் கெஞ்சினார்.

"மாமி, நான் ஒண்ணு பாடறேன்" என்றார் சுஷ்மா.

ஆரத்தித் தட்டை எடுக்கப் போன பெண்மணி பாதி வழியில் திரும்பிப் பார்த்தார். சுஷ்மா அதே பாட்டை, தாம் எண்ணியிருந்தபடி, நடுவில் நிறுத்தாமல் பாடினார். இரண்டாவது வரியிலேயே விசாலம் மாமி கையை உயர்த்தினார்.

"நிறுத்து, நிறுத்து. ஏம்மா இத்தனை ஜல்தி? அம்பாளை யோசிக்கவே விடலையே நீ! ஒரிஜினல்ல அங்கே இடம் இருக்கு."

"ஒரிஜினல்ல இடம் இல்லை மாமி. அது நான் பண்ணின பாட்டு."

அனைவரும் சிரித்தார்கள். வெறுப்பில்லாத, அன்பான சிரிப்பு; அதனால்தான் அதை எதிர்க்கவும் இயலவில்லை.

"நன்னாச் சொன்னே, போ!" என்றார் மாமி. "நல்ல பாட்டைக் கேட்டா நாமே பண்ணின மாதிரிதான் இருக்கும். பாட்டை யார் வேணாப் பண்ணிடலாம்டி. அந்த மௌனம் இருக்கே, அது சாமானியமா? அந்த இடத்தை விடணும்னு தோணித்தே, அவர் காலைத் தொட்டுக் கும்பிடணும்."

அப்போது ஆண்கள் வரிசையில் ஒரு நாற்காலி நகர்ந்தது. சந்திரசேகர் எழுந்து நின்றார். மனைவியின் பெயரை இத்தனை நாள் மறைத்து வைத்திருந்த மனிதருக்கு, தாம் விட்ட இடத்தின் புகழை இன்னொருவருக்கு விட்டுக்கொடுக்க மனம் வரவில்லை.

"அது... அந்த இடம்... நான் விட்டது" என்றார்.

"எதை விட்டேள்?"

"மௌனத்தை."

இம்முறை யாரும் சிரிக்கவில்லை. சுண்டல் ஒத்துக்கொள்ளவில்லையோ என்று கஸ்தூரிரங்கன் கவலையோடு பார்த்தார். சந்திரசேகர் கைப்பேசியை எடுத்து, விசிலை வெட்டாத மூன்றாம் நகலைத் தேடிப்பிடித்து, அவ்வீட்டு ஒலிபெருக்கியில் இணைத்தார்.

முதலில் சந்திரசேகரின் குரல் கேட்டது: "ஃபேன் ஆஃப். பாடு." பிறகு சுஷ்மாவின் குரல், இப்போதுதான் அக்கூடத்தில் பாடிய அதே கனத்த குரல், "ஒரு படியில்" என்று இறங்கி நின்றது. அடுத்து ஒரு நீண்ட குக்கர் விசில். விசில் தேய்ந்ததும், "ராம ராமா, ராஜ்மா!" என்று அதே குரல் முணுமுணுத்தது. பிறகு, ஒன்றுமே நடவாதது போல, "அமர்வாயோ."

விசாலம் மாமி கண்களை மூடிக்கொண்டார்.

"இன்னொரு தரம் போடுங்கோ."

மீண்டும் ஒலித்தது. மாமி தொடையில் தாளம் போட்டபடி கேட்டார். கூடத்தில் யாரும் சுண்டலை மெல்லக்கூட இல்லை.

"நாலு அட்சரம். சரியாத்தான் இருக்கு" என்றார் மாமி. "விசில்கூடச் சுருதியோட சேர்ந்துதான் நிக்கறது." பிறகு சுஷ்மாவின் பக்கம் திரும்பினார். "ஏண்டி, வருஷா வருஷம் வந்து ஆரத்தி எடுத்துட்டுப் போவியே, வாயைத் திறந்து சொல்லப்படாதோ?"

"இப்போ சொன்னேனே மாமி. எல்லாருமாச் சிரிச்சேள்."

மாமி மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். துடைத்து முடிக்க வழக்கத்தைவிட அதிக நேரம் ஆயிற்று.

"பேர் போட்டுடலாம். ஆனா மௌனத்தை எடுக்க மாட்டேன். குழந்தைகளுக்குப் படிஞ்சுடுத்து."

"எடுக்க வேண்டாம், எடுக்க வேண்டாம்" என்றார் சந்திரசேகர் அவசரமாக. பிறகுதான் அவருக்கு அலுவலகம் நினைவுக்கு வந்தது. "பேர்னா... முழுப் பேரா மாமி? வெறும் எஸ் போட்டா..."

"நீங்கதானே எழுந்து நின்னேள்? இப்போ உட்காருங்கோ" என்றார் சுஷ்மா.

சரஸ்வதி பூஜையன்று விசாலம் மாமியே ஒலிபெருக்கியின் முன் நின்று அறிவித்தார்: "பாட்டும் மெட்டும் சுஷ்மா. நடுவில் வரும் மௌனம், அவாத்துக்காரர் சந்திரசேகர்." முதல் வரிசையில் பல்பீர் ஆன்ட்டியை உட்கார வைத்திருந்தார்கள். தமிழ் தெரியாத அவருக்கு, எந்த இடத்தைக் கவனிக்க வேண்டும் என்று சுஷ்மா முன்கூட்டியே விளக்கியிருந்தார். அதுதான் வினையாயிற்று. சிறுமிகள் "ஒரு படியில்" என்று பாடி நிறுத்தினார்கள். அரங்கம் மூச்சடங்கியது. மூன்றாம் அட்சரத்தில் பல்பீர் ஆன்ட்டி எழுந்து, அரங்கத்தைத் திரும்பிப் பார்த்து, "மேரா குக்கர்!" என்று தம் குக்கருக்கு உரிமை கொண்டாடினார்.

சிறுமிகள் அசையவில்லை. நான்காம் அட்சரத்தை முறையாக எண்ணி முடித்து, "அமர்வாயோ" என்றார்கள்.

அந்த ஒளிப்பதிவு இன்று 'வடக்கு ஜன்னல்' பக்கத்தில் சுஷ்மாவின் பெயரோடு இருக்கிறது. அலுவலகத்தில் விளக்கம் கேட்கப்பட்டதும் உண்மையே. சந்திரசேகரின் மேலதிகாரி அவரை அறைக்கு அழைத்து, தம் மனைவிக்காக அப்பாட்டின் வரிகளைக் கேட்டார். சந்திரசேகருக்கு எஞ்சிய குறை ஒன்றுதான். தம்முடைய மௌனத்தில் இன்னொருவர் பேசிவிட்டார்.

"பல்பீர் ஆன்ட்டி குரலை மட்டும் எடுத்துடட்டுமா?" என்று ஒரு நாள் மடிக்கணினியோடு வந்து கேட்டார்.

சுஷ்மா ரஜாய்க்குள்ளிருந்து தலையை நீட்டினார்.

"இடத்தை விட்டுட்டு எடுப்பேளா, இடத்தோட எடுப்பேளா?"

சந்திரசேகர் சற்று நேரம் யோசித்தார். நான்கு அட்சரம் இருக்கும். பிறகு மடிக்கணினியை மூடினார்.