விடவைக்கும் வீரம்மா

“வயித்தப் பாருங்க சார், வயித்த. முட்டை வச்சிருக்குது. புள்ளத்தாச்சிங்க!”

இதைச் சொல்லும்போது வீரம்மாவின் முகத்தில் பிரசவ வார்டு நர்ஸின் கவலை வந்து உட்கார்ந்துகொள்கிறது. எதிரே திருப்பூர் பனியன் கம்பெனி தினேஷ்குமார், ஒரு கெண்டையை இரண்டு கைகளாலும் நெஞ்சோடு இறுக்கியபடி நிற்கிறார். அவருடைய மனைவி மீன் மசாலா அரைத்துக் கொடுத்தனுப்பியிருக்கிறார். பொட்டலம் சட்டைப்பையில் புடைத்துக்கொண்டிருக்கிறது. அந்த மீன் ஆணா பெண்ணா என்பது வீரம்மாவுக்குத் தெரியாது. தெரிந்துகொள்ளும் ஆசையும் இல்லை. தினேஷ்குமார் மீனின் வயிற்றைப் பார்க்கிறார், பொட்டலத்தைப் பார்க்கிறார், பெருமூச்சு விடுகிறார். கை தளர்கிறது. வீரம்மா மீனை வாங்கித் தண்ணீரில் விட்டுவிட்டு, என் பக்கம் திரும்பி ஒற்றைப் புருவத்தைத் தூக்குகிறார்.

அவருடைய வேலை இதுதான். பிடித்த மீனை விடவைப்பது.

கோத்தகிரிக்குக் கீழே, தேயிலைச் சரிவுகளுக்கு நடுவில் இருக்கிறது அந்தத் தண்ணீர். விளம்பரத்தில் அது ஏரி. எனக்குக் குளமாகத் தெரிந்தது. வீரம்மா ‘டேமு’ என்கிறார். கரையில் ஓட்டுக்கூரை போட்ட நாலைந்து அறைகள் கொண்ட விடுதி. முதலாளி அருண்பிரசாத் கோயமுத்தூர்க்காரர்; வெளிநாட்டில் படிக்கப் போன இடத்தில், மீனைப் பிடித்து, அதனோடு படம் எடுத்துக்கொண்டு, மறுபடி தண்ணீரிலேயே விடும் பழக்கத்தைக் கற்றுக்கொண்டு திரும்பியவர். நம்மவர்களுக்கு முதல் இரண்டும் உடனே புரிகின்றன. மூன்றாவதற்கு வீரம்மா தேவைப்படுகிறார். இரவுச் சாப்பாட்டில் மீன் வறுவல் உண்டு. அது மேட்டுப்பாளையத்திலிருந்து ஐஸ் பெட்டியில் பஸ் ஏறி வரும் வஞ்சிரம். விருந்தினர்கள் தண்ணீரைப் பார்த்தபடியே அதைத் தின்று, “ஏரி மீன் ருசியே தனி” என்கிறார்கள்.

வீரம்மாவுக்கு வயது ஐம்பதுக்கு மேல். சேலைமேல் ஆண்பிள்ளைச் சட்டை, அதன்மேல் யாரோ விட்டுப்போன ஸ்வெட்டர், காலில் முழங்கால் வரை ரப்பர் பூட்ஸ். பெற்றோர் சிலோன் தோட்டத்திலிருந்து இங்கே வந்த கூட்டம். கொழுந்து எடுத்து, முழங்கால் இரண்டும் போய், பிறகு பல வருஷம் எஸ்டேட் பிள்ளைக் காம்பராவில் ஆயாவாக இருந்தார். தாய்மார்கள் வேலைக்குப் போனபின் கைக்குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் அறை அது. எஸ்டேட்டில் ஆள் குறைந்து, காம்பராவைப் பூட்டிவிட்டார்கள்.

“புள்ளைங்க கையில என்ன இருக்கும்னு சொல்லவே முடியாதுங்க. பிளேடு இருக்கும், கம்பளிப்பூச்சி இருக்கும். புடுங்குனா கத்தும், இன்னும் இறுக்கிப் புடிக்கும். மெதுவா வேற ஒண்ணக் குடுக்கணும். இதுகளும் அப்படித்தான்” என்றார். இதுகள் என்றது ஐம்பதாயிரம் ரூபாய்த் தூண்டிலோடு வரும் கனவான்களை.

கனவான்களுக்கு அவர் கொடுப்பது ஒரு கிளாஸ் டீ. கை நீளும், மீன் இடம் மாறும். டீயில் மயங்காதவர்களுக்குத்தான் பொய். பிள்ளைத்தாச்சி என்பது குடும்பஸ்தர்களுக்கு. பக்தி உள்ளவர்களுக்கு, “இன்னிக்கு சஷ்டிங்க.” வெடிமருந்து ஃபேக்டரியில் சூப்பர்வைசராக இருந்து ஓய்வுபெற்ற ராமகிருஷ்ணனுக்குப் பொய்யே தேவைப்படவில்லை. “ரூல்ஸுங்க ஐயா” என்றார் வீரம்மா. ஐயா மீனை அந்த நொடியே தண்ணீரில் விட்டுவிட்டு நேராக நின்றார்.

இந்த ரகசியங்களையெல்லாம் எனக்குச் சொன்னவர் வீரம்மாவேதான். நான் இதைப் பற்றிப் பத்திரிகையில் எழுதப்போகிறேன் என்றதும் தாராளமாகச் சொன்னார். என் தொப்பியைப் பார்த்த நிமிஷத்திலிருந்து நான் அவருக்கு ‘தொரை’.

“என்னா மாதிரி எழுதுவீங்க தொரை?”

“நையாண்டி. மத்தவங்களைக் கிண்டல் பண்றது.”

“அதுக்குச் சம்பளமெல்லாம் தர்றாங்களா? எங்க லைன் வீடுங்கள்ல எல்லாரும் சும்மாவே பண்றாங்களே!”

மீன்களுக்கு அருண்பிரசாத் ஆங்கிலப் பெயர்கள் வைத்திருக்கிறார். அவை வீரம்மாவின் வாயில் நுழைவதில்லை. எஸ்டேட்டில் தன்னை ஏவியவர்களின் உத்தியோகங்களை அவர் மீன்களுக்குக் கொடுத்துவிட்டார். கண்டக்டர், பெரிய கிளார்க், டீமேக்கர். எல்லாவற்றுக்கும் பெரியது, கணக்கப்பிள்ளை. போன மாதம் ஒரு கோஷ்டி ஆளுக்கு ஆள் கைமாற்றிப் படம் எடுத்ததில் டீமேக்கர் செத்து மிதந்தார். அடுத்து ஒன்று செத்தால் வேறு ஆள் பார்த்துக்கொள்வேன் என்று அருண்பிரசாத் சொல்லிவிட்டாராம். முதல்நாள் சாயங்காலமே வீரம்மா இதை என்னிடம் சொன்னார். கட்டுரைக்கு நல்ல சரக்கு என்று நினைத்துக்கொண்டேன்.

என் மீன்பிடிப்பைப் பற்றியும் சொல்லவேண்டும். பதினாறு பைகள் வைத்த ஜாக்கெட் வாங்கியிருந்தேன். ஒன்றில்தான் பொருள் இருந்தது, அதுவும் மாத்திரை. முதல் இரண்டு நாளில் என் தூண்டில் பிடித்தவை: என் தொப்பி, ஒரு தேயிலைச் செடி, ராமகிருஷ்ணனின் மஃப்ளர். “மீன் கிடைக்கலைன்னா பரவால்ல. மனுஷங்களை விட்டுடுங்க” என்றாள் என் மனைவி வாசுகி. ஆனால் சென்னையில் மைத்துனன் மகேஷிடம், இத்தனை பெரிய மீன் பிடிப்பேன் என்று கைகளை விரித்து அகலம் காட்டிவிட்டு வந்திருந்தேன். அந்த அகலத்துக்கு ஒரு படமாவது அனுப்பியாகவேண்டும்.

மூன்றாம் நாள் காலை, மீன்பிடித்தல் என்பது உண்மையில் மீனைப் பற்றியதே அல்ல, அது மனத்தை அடக்கும் பயிற்சி என்று வாசுகிக்கு விளக்கிக்கொண்டிருந்தேன். அந்த வாக்கியத்தின் நடுவில் தூண்டில் வில்லாக வளைந்தது. மனம் ஏரிக்குள் குதித்துவிட்டது. நான் கத்திய கத்தலில் வீரம்மா பூட்ஸ் சப்தத்தோடு வலையை எடுத்துக்கொண்டு ஓடிவந்தார்.

“ஐயோ, கணக்கப்பிள்ளையே மாட்டிக்கிட்டாரு!”

வலையில் அள்ளி, ஈரப் பஞ்சு மெத்தையில் கிடத்தி, உதட்டிலிருந்த தூண்டில் முள்ளை எடுத்துவிட்டார். “ஒரு போட்டோ புடிச்சுக்கிட்டு வுட்டுருங்க தொரை.”

மீனைக் கைகளில் ஏந்தினேன். பித்தளைக் குடத்தின் நிறம், ஆறுமாதக் குழந்தையின் கனம். ஏரி பின்னால் தெரியவேண்டும் என்று கணுக்கால் தண்ணீரில் போய் நின்றேன். வாசுகி படம் எடுத்தாள். முதல் படத்தில் என் கண் மூடியிருந்தது. இரண்டாவதில் மீனுக்கு வால் இல்லை. மூன்றாவதில் எல்லாம் இருந்தது, என் தொப்பையும் இருந்தது.

“போதுங்க. வாயத் தொறந்து தொறந்து மூடுது பாருங்க” என்றார் வீரம்மா.

“இன்னும் ஒண்ணே ஒண்ணு.”

“முட்டை வச்சிருக்குது தொரை.”

“யாரு, கணக்கப்பிள்ளையா?”

வாசுகி சிரித்தாள். எனக்கு உற்சாகமாகிவிட்டது.

“இன்னிக்கு சஷ்டிங்க.”

“நேத்தும் சஷ்டின்னுதானே சொன்னீங்க?”

“ரூல்ஸுங்க.”

“நான் பத்திரிகைக்காரன்.”

வீரம்மா கரைக்கு ஓடி ஃபிளாஸ்கிலிருந்து டீ ஊற்றி எடுத்துவந்து நீட்டினார். கிளாஸ் ஆடியதில் பாதி அவர் கையிலேயே கொட்டியது.

“வாசுகி, அதை வாங்கி வச்சுக்கோ” என்றேன். “படத்தைக் கொஞ்சம் தாழ்வா எடு. மீன் பெருசாத் தெரியும்.”

வீரம்மா என்னையே பார்த்தார்.

“தொரை, டீமேக்கர் செத்ததுக்கே அருண் சார் அம்புட்டுப் பேசுனாரு. இதுவும் போச்சுன்னா நாளைக்கே நான் கொழுந்துக் கூடையத் தூக்கிக்கிட்டு மலைக்குத்தான் போவணும். இந்த முட்டிய வச்சுக்கிட்டு ஏற முடியாதுங்க.”

“அதையும் மொத நாளே சொல்லிட்டீங்க வீரம்மா” என்றேன். “வேற ஏதாச்சும்?”

வாசுகி போனைக் கீழே இறக்கினாள். நான் சொன்னது என் காதிலும் விழுந்தது. அதற்கும் கைக்கும் எந்தத் தகவல் தொடர்பும் இல்லை. கை இறுக்கிப் பிடித்தபடியே இருந்தது. மீனின் வால் அடிப்பது நின்றுபோயிருந்தது.

வீரம்மா தண்ணீருக்குள் இறங்கி என் எதிரே வந்தார். உள்ளங்கைகள் இரண்டையும் நனைத்து, என் கைகளுக்கு அடியில், மீனுக்கு அடியில் கொடுத்தார். இழுக்கவில்லை. கனத்தை மட்டும் வாங்கிக்கொண்டார். சுமப்பதற்கு ஒன்றுமில்லாமல் போனதும் என் விரல்கள் தாமாகவே விட்டுவிட்டன. மடங்காத முழங்கால்களை மடக்கி, “அம்மா” என்று முனகிக்கொண்டு, மீனோடு தண்ணீரில் உட்கார்ந்தார். பூட்ஸுக்குள் தண்ணீர் ஏறும் சப்தம் கேட்டது.

கணக்கப்பிள்ளை ஒரு பக்கமாகச் சாய்ந்தது. வீரம்மா நிமிர்த்திப் பிடித்து, முன்னும் பின்னுமாக மெல்ல நகர்த்தினார். மறுபடி சாய்ந்தது. மறுபடி நிமிர்த்தினார். “எந்திரிங்க கணக்கப்பிள்ள, எந்திரிங்க. லேட்டாச்சு” என்று அதன் காதில் சொல்வதுபோலச் சொன்னார். மீனுக்குக் காது எங்கே என்று கேட்கும் புத்திசாலித்தனம் அப்போது எனக்கு வரவில்லை. வாசுகி செருப்போடு தண்ணீரில் இறங்கி அவர் தோளைத் தாங்கிக்கொண்டாள்.

செவுள் ஒருமுறை விரிந்தது. பிறகு இன்னொருமுறை. வால் ஓங்கி அடித்து மூன்று பேர்மீதும் சேற்றை இறைத்துவிட்டு, பித்தளை நிறம் பச்சைத் தண்ணீருக்குள் இறங்கி மறைந்தது. வாசுகியின் கையைப் பற்றிக்கொண்டு வீரம்மா எழுந்தார்.

நான் மீனை ஏந்திய நிலையிலேயே, இரண்டு கைகளையும் முன்னே நீட்டிக்கொண்டு நின்றிருந்தேன். வீரம்மா என் முன்னால் வந்தார். என் வலதுகையை மணிக்கட்டில் பிடித்துக் கீழே இறக்கினார். பிறகு இடதுகையை இறக்கினார். இரண்டையும் உடம்போடு ஒட்டிவைத்து, மறுபடி மேலே கிளம்பாதபடி ஒரு தட்டுத் தட்டிவிட்டு, வலையை எடுத்துக்கொண்டு போனார்.