பூதக்கண்ணாடி அக்கா

சிறுநீர்ச் சீசாவைச் சன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, ஒரு கண்ணை மூடிக்கொண்டு, மெல்ல ஒரு சுழற்று. கலங்கலாக இருந்தால் அக்கா உதட்டைப் பிதுக்குவார். பிறகு ஒரு சொட்டைக் கண்ணாடித் தகட்டில் வைத்து மைக்ரோஸ்கோப்பில் குனிந்தால், உள்ளே தெரியும் சீழ் அணுக்களோடு பேச்சு ஆரம்பமாகிவிடும். "என்னடி, இன்னைக்கு ஊரையே கூட்டிட்டு வந்துட்டீங்களா?"

இருபது வருடமாக இந்தச் சின்ன ஆஸ்பத்திரியின் லேப்தான் அவருக்கு உலகம். பூதக்கண்ணாடி அக்கா என்பது நர்சுகள் வைத்த பெயர். அவருடைய மைக்ரோஸ்கோப்பை யாராவது தொட்டுவிட்டால் அன்று முழுக்க முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வார். பஸ் டிக்கெட்டைக்கூடத் திருப்பிப் பார்க்காமல் மடிக்கமாட்டார்.

அந்தச் செவ்வாய்க்கிழமை அணுக்களோடு பேச்சில்லை. ஒரே மாதத்தில் சிறுநீரில் சீழோடு வந்த ஏழாவது சிறுமி. ஏழு பேருக்கும் ஒரே நீலச் சீருடை. இவளுக்கு வயது எட்டு. உடம்பு அனலாய்க் கொதித்தது. இடுப்புக்கு மேலே முதுகில் விரல் பட்டாலே துடித்தாள். கிருமி சிறுநீரகம் வரை ஏறியிருக்கும் என்று டாக்டர் படுக்கையில் சேர்த்துவிட்டார். அக்கா கட்டிலருகே போய்க் குந்தினார்.

"பள்ளிக்கூடத்துல எத்தனை தடவைடா கண்ணு ஒண்ணுக்குப் போவே?"

"போகமாட்டேன் ஆன்ட்டி."

"அடக்கிக்குவியா?"

"தண்ணியே குடிக்கமாட்டேன். குடிச்சா வருமே."

பக்கத்தில் நின்ற தாய்க்குத் தூக்கிவாரிப்போட்டது. "தினமும் பாட்டில் காலியாத்தானேடி வருது!"

"செடிக்கு ஊத்திடுவேன்மா."

மறுநாள் அக்கா லீவு போட்டுவிட்டு அந்தப் பள்ளிக்குப் போய் நின்றார். ஆஸ்பத்திரி லேப்பிலிருந்து வருவதாகச் சொல்லிக் கழிப்பறை எங்கே என்று கேட்டதும், தலைமையாசிரியை ஆசிரியர்களின் கழிப்பறையைக் கை காட்டினார்.

"பிள்ளைங்க போறதைக் காட்டுங்க."

மூன்று கதவுகள். ஒன்றில் தாழ்ப்பாள் இல்லை, வாளியில் தண்ணீர் இல்லை; நாற்றம் முகத்தில் அறைந்தது. மற்ற இரண்டிலும் பூட்டு.

"அது ஆய்வுக்கு வர்றவங்களுக்குக் காட்டறதுக்கு. திறந்துவிட்டா ஒரே நாள்ல நாசமாக்கிடுவாங்க. இதையெல்லாம் கேக்க நீங்க யாரு? உங்க டாக்டருக்கு ஃபோன் போடட்டுமா?"

வேலை போனால் அக்காவின் வீட்டில் வேறு வருமானம் கிடையாது. ஆனாலும் பைக்குள்ளிருந்து ஏழு காகிதங்களை எடுத்து நீட்டினார். பெயர் இருந்த மேல் விளிம்பை மட்டும் கத்தரித்திருந்தார்.

"தாராளமா போடுங்க. இது ஏழு பிள்ளைங்களோட ரிப்போர்ட். ஏழாவது பிள்ளை கையில ஊசியோட படுத்திருக்கு. எட்டாவது யாருன்னு நீங்களே சொல்லிடுங்க."

இடைவேளை மணி அடித்தது. ஓடிவந்த சிறுமிகள் பெரியவர்களைக் கண்டதும் தயங்கி நின்றார்கள். ஒருத்தி கால்களைப் பின்னிக்கொண்டு நின்றாள். தலைமையாசிரியை காகிதங்களைப் பார்த்தார். அந்தக் கால்களைப் பார்த்தார். அப்புறம் இடுப்பிலிருந்த சாவிக்கொத்தை எடுத்துக் கொடுத்தார்.

அக்காவே இரண்டு பூட்டுகளையும் திறந்து எடுத்தார். உள்ளே பளிச்சென்ற தரை. சோப்பு உறைகூடப் பிரிக்காமல் இருந்தது. குழாயைத் திருகினார். இருமிவிட்டுத் தண்ணீர் கொட்டியது.

"நாங்க போலாமா?" என்றாள் கால் பின்னியவள்.

"ஓடு."

கதவு சாத்தி உள்தாழ்ப்பாள் விழுந்த சத்தம் கேட்டது. தலைமையாசிரியை கையை நீட்டினார். அக்கா சாவிக்கொத்தை அதில் வைத்தார். ஆனால் பூட்டு இரண்டையும் தன் கைப்பைக்குள் போட்டு, சர்ரென்று ஜிப்பை இழுத்து மூடினார்.