புழு வீட்டில் ஏற்றிய கற்பூரம்

இரண்டு வருடங்களுக்கு முன், ஒரு ஞாயிற்றுக்கிழமை. நாங்கள் இருப்பது பெங்களூர் பொம்மனஹள்ளியில். கார்மெண்ட்ஸில் எனக்குப் பக்கத்து மிஷினில் தைக்கும் பெண்ணைப் பார்க்க அவளுடைய ஊரான சிட்லகட்டாவுக்குப் போயிருந்தேன். பட்டுக்குப் பேர் போன சின்ன ஊர். சுற்றியுள்ள தோட்டக்காரர்கள் மல்பெரி இலை போட்டுப் புழு வளர்த்து, கூடுகளைச் சந்தைக்குக் கொண்டு வருவார்கள். ஊருக்குள் இருக்கும் முஸ்லிம் குடும்பங்கள் அதை வாங்கி, வெந்நீரில் போட்டு நூல் எடுப்பார்கள். தாத்தா காலத்திலிருந்து ஒருவரில்லாமல் மற்றவருக்குப் பிழைப்பு இல்லை.

புழுவுக்காகவே அவள் ஒரு மாதம் லீவு போட்டிருந்தாள். இன்னும் நாலு நாளில் கூடு கட்ட வேண்டிய புழுக்கள். செருப்பைக் கழற்றி, கிருமி போக வாசலில் பரப்பிய சுண்ணாம்புத் தூளை மிதித்த பிறகுதான் என்னைப் புழு வளர்க்கும் அறைக்குள் விட்டாள். கோவில் மாதிரியே இருந்தது. அம்மனுக்குச் சாத்தும் பட்டு இங்கிருந்துதானே போகிறது என்று எனக்கு மனசு உருகிவிட்டது. எந்த ஊருக்குப் போனாலும் என் பையில் கற்பூரம் இருக்கும். அவள் இலை எடுக்கப் போன நேரத்தில் ஒரு கட்டியை ஏற்றிப் புழுத் தட்டுகளுக்குக் காட்டினேன்.

"அக்கா, பேடா பேடா! அந்தப் புகைக்கு ஹுளு செத்துப் போகும்!"

வேண்டாம், புழு செத்துவிடும் என்று பாதி கன்னடத்தில் கத்தியபடி ஓடி வந்தவள் எரியும் கற்பூரத்தை வெறும் கையால் அள்ளி வெளியே எறிந்தாள். அவள் மாமியார் ஜன்னல்களைத் திறந்துவிட்டார். புழுக்கள் இலையை விட்டுத் தலையைத் தூக்கியபடி அசையாமல் இருந்தன. அரைமணி நேரம் அப்படியே. எனக்கு அழுகை வந்தது. அம்மா, காப்பாத்து என்று வேண்டிக்கொண்டே நின்றேன்.

மாமியார் புது இலை தூவினார். ஒரு புழு தலையைத் தாழ்த்தியது. பிறகு இன்னொன்று.

"தெரியாம பண்ணிட்டேன்மா" என்றேன்.

"சாமிக்குன்னு காட்னீங்க, விடுங்கக்கா. வகை வகையா பட்டு கட்டறீங்க, அதைக் கட்டற புழுவுக்கும் மூக்கு இருக்குன்னு தெரியலயே!" என்று சிரித்தாள். கை சிவந்து கொப்பளித்திருந்தது.

கிளம்பும்போது அவர்கள் சாமி மாடத்தைப் பார்த்தேன். ஊதுபத்தி இல்லை, சாம்பிராணி இல்லை, மல்லிகைகூட இல்லை. படத்தின் முன்னால் ஒரே ஒரு மல்பெரி இலை.

"ஹுளு இருக்கற மாசம் சாமிக்கும் இதுதான்" என்றாள்.

அந்த முறை கூடு நன்றாகவே வந்தது. அவள் உள்ளங்கையில் தழும்பு மட்டும் இருக்கிறது. துணியை மிஷினுக்குள் தள்ளும்போது தினமும் என் கண்ணில் படும். இப்போதும் நான் கற்பூரம் ஏற்றுகிறேன். ஆனால் இந்தப் புகை யாருக்காவது ஆகாதோ என்று சுற்றிலும் ஒருமுறை பார்த்த பிறகுதான் தீக்குச்சியை உரசுகிறேன், அந்தப் பார்வையும் பூஜையில் சேர்ந்ததுதான் என்று நினைத்துக்கொண்டு.