பெரியப்பா கட்டிய யூதாஸ் வேஷம்

பெரிய வெள்ளியன்று சிலுவைப்பாதை முடிந்து, முழங்கால் வலியோடு உட்காரும்போது யூதாஸுக்காகவும் ஒரு ஜெபம் சொல்லிவிடுகிறேன். சொல்லலாமோ கூடாதோ, எனக்குத் தெரியாது. பெரியப்பா நினைப்பு வந்துவிடுகிறது.

எங்கள் கரையில் தவக்காலம் பிறந்தால் சேசுநாதரின் பாடுகளைக் காட்டும் பாஸ்கா நாடகத்துக்கு ஆள் பிரிப்பார்கள். சேசுநாதர் வேஷத்துக்குப் போட்டி இருக்கும். யூதாஸ் வேஷத்துக்கு ஒருவரும் வரமாட்டார்கள். கடைசியில் பெரியப்பாவைப் பிடிப்பார்கள். மாட்டேன் என்று சொல்லத் தெரியாத மனிதர். பேதுரு என்கிற இராயப்பராக நடிப்பவர், படகு வைத்திருக்கும் சம்மாட்டி. அவருடைய வத்தையில்தான் பெரியப்பா மீன்பிடிக்கப் போவார்.

யூதாஸாக நடித்தவர், உயிர்ப்புத் திருநாளில் சாமியார் கையால் தீர்த்தம் வாங்கிய பிறகே வத்தையில் கால் வைக்கலாம் என்பது ஊர் வழக்கம். அந்த வருஷமும் வாங்கினார், போனார். ஆனால் போன தடவையெல்லாம் வலை வெறுமனே வந்தது.

"கொஞ்ச நாளைக்குக் கரையிலயே இருப்பா," என்றார் சம்மாட்டி. "நான் ஒண்ணும் சொல்லல. யூதாஸு கட்டுன ராசிதான்னு பயலுகதான் மொனங்குறானுக."

பெரியப்பா சண்டை போடவில்லை. என் கையைப் பிடித்துக்கொண்டு கோவில் உபதேசியார் வீட்டுக்குப் போனார். "யூதாஸு கடைசியில என்னதான் ஆனாரு? எழுதியிருக்கிறத வாசிங்க."

உபதேசியார் கண்ணாடியை மாட்டிக்கொண்டு வேதப் புத்தகத்தைப் புரட்டினார். எழுதியவர்கள் ஒன்றுபோல எழுதவில்லை. ஒருவர், காட்டிக்கொடுத்ததோடு அவரை அப்படியே விட்டுவிடுகிறார். இன்னொருவர் முன்னமே திருடன் என்கிறார். அப்போஸ்தலர் வரலாற்றில் தலைகுப்புற விழுந்து வயிறு வெடித்துச் சாகிறார். ஒரே ஒரு சுவிசேஷத்தில்தான் மனம் நொந்து, வாங்கிய வெள்ளிக்காசைக் கோவிலில் எறிந்துவிட்டு, தூக்கு மாட்டிக்கொள்கிறார்.

"நொந்துக்கிட்டாருன்னு ஒருத்தராச்சும் எழுதினாரே," என்றார் பெரியப்பா.

திரும்பி வரும்போது கேட்டேன். "இராயப்பருந்தான் சேசுவத் தெரியாதுன்னு சொன்னாரு. அவரு மட்டும் எப்படிப் புனிதரானாரு?"

"அவரு மறுபடி வலைக்குப் போகையில, நாங்களும் வாரோம்னு கூட நாலு பேரு வந்தாக தாயி. இவர ஆரு கூப்புட்டா?"

சம்மாட்டியும் கூப்பிடவில்லை. பெரியப்பா வாலிநோக்கம் உப்பளத்துக்குக் கூலி வேலைக்குக் கிளம்பினார். பெரியம்மா பையைக் கொடுத்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டாள். நான் மட்டும் பஸ்ஸடி வரைக்கும் ஓடினேன்.

"அடுத்த பாஸ்காவுக்கு வந்துருவீகள்ல?"

பஸ் படியில் ஏறி நின்று திரும்பினார். "வாரேன் தாயி. ஆராச்சும் செய்யணும்ல."

நான் குதித்துக்கொண்டு வீடு திரும்பினேன். யூதாஸ் இல்லாமல் நாடகம் நின்றுபோய்விடுமோ என்பது ஒன்றுதான் அன்று எனக்கிருந்த கவலை.