மீன் பொரிக்கும் சத்தத்தில் ஒரு விசில்

"ஸ்பெஷல் பஸ் சொல்லுங்க."

"ஃபெஃபல் பஃப்."

"கழட்டுங்க."

வாடிக்கையாளர் புதுப் பல்செட்டைக் கழற்றிக் கொடுக்கிறார். நம்மவர் அதை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, சின்ன மோட்டாரில் உள்பக்க ஓரத்தை இழைத்து, ஊதி, கழுவி, மறுபடியும் மாட்டிவிடுகிறார். அடுத்தது 'அவசர சிகிச்சை' சொல்ல வேண்டும். அந்தப் பாவப்பட்ட மனிதர் 'அவ' வரைக்கும் வந்திருப்பார், ஜன்னலோரத்து ரேடியோப் பெட்டி இருமும். "அப்படியே இருங்க, வாய மூடாதீங்க" என்று சொல்லிவிட்டு நம்மவர் மைக்கை எடுத்துக்கொண்டு உட்கார்ந்துவிடுவார். பாதி அவசரத்தில் விடப்பட்டவர் வாயைத் திறந்தபடி அலமாரியைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டியதுதான்.

அலமாரியிலும் வாய்கள்தான். வெள்ளைச் சாந்தில் வார்த்த பல் அச்சுகள், மேல்தாடையும் கீழ்த்தாடையுமாக, யாருடையது என்று பென்சிலில் எழுதி வரிசையாக வைத்திருக்கின்றன. எல்லாம் அறையைப் பார்த்து இளிக்கின்றன. ஒன்று மட்டும் சுவரைப் பார்த்துத் திரும்பியிருக்கிறது. அந்தக் கதையைப் பிறகு சொல்கிறேன்.

பல்செட் கட்டுவது இவர் தொழில். ஹாம் ரேடியோ இவருக்குப் பிடித்திருக்கும் பைத்தியம். முறையாகப் பரீட்சை எழுதி லைசென்ஸ் வாங்கி, மொட்டை மாடியில் கம்பி நட்டு, முகம் தெரியாத ஆட்களைக் கூப்பிட்டு "என் குரல் எப்படிக் கேக்குது?" என்று விசாரிக்கும் பொழுதுபோக்கு அது. நன்றாகக் கேட்கிறது என்று பதில் வந்துவிட்டால் இரு தரப்புக்கும் பரம திருப்தி. அதற்கு மேல் பேசுவதற்கு ஏதாவது இருந்தாக வேண்டும் என்ற கட்டாயம் கிடையாது. தெருவில் இவருக்கு 'கொரகொர' என்று பெயர். ஏன் என்று இவர் வீட்டுக்குக் கீழே குடியிருக்கும் என்னைக் கேளுங்கள்.

குடிவந்த புதிதில் ஒரு மாலை நான் பாட்டு கேட்டுக்கொண்டிருந்தேன். பாடகி உச்சத்துக்கு ஏறிக்கொண்டிருந்தபோது என் ஸ்பீக்கருக்குள்ளிருந்து ஓர் ஆண் குரல், "டீச்சர், உங்க கோழி முட்டை வெச்சுதா? ஓவர்" என்றது. மூன்று நாள் பொறுத்தேன். நாலாம் நாள், இரண்டில் ஒன்று பார்த்துவிடுவது என்று மாடியேறினேன். கதவைத் திறந்தவரிடம், உங்கள் குரல் என் ஸ்பீக்கரில் கேட்கிறது என்று கத்தினேன். அவர் முகம் மலர்ந்துவிட்டது. "அப்படியா? எப்படி இருந்துச்சு? தெளிவா இருந்துச்சா?" சண்டைக்குப் போனவனை உட்காரவைத்து டீ கொடுத்து, ஸ்பீக்கர் வயரில் மாட்டிக்கொள்ள ஒரு கறுப்பு வளையமும் கொடுத்து அனுப்பினார். மாட்டினேன். குரல் நின்றது. கோழி முட்டை வைத்ததா இல்லையா என்று தெரியாமல் போனதுதான் மிச்சம், மறுநாள் நானே போய்க் கேட்டேன்.

ரேடியோவில் பேசி முடித்ததும் 'ஓவர்' சொன்னால்தான் அடுத்தவர் பேசலாம். இவர் அதை வீட்டிலும் விடுவதில்லை. "சட்டை காயலையா? ஓவர்" என்பார். அவர் மனைவி அதே அறையில் ஜன்னலுக்கு எதிரே உட்கார்ந்து பற்களுக்கு மெருகேற்றிக்கொண்டு, தலையைத் தூக்காமல், "நீங்க பண்றதுதான் ஓவர்" என்பார். விடைபெறும்போது ஹாம்காரர்கள் 'எழுபத்து மூணு' என்று சொல்வார்கள், வாழ்த்துக்கள் என்று அர்த்தம். இவர் அதை வாடிக்கையாளரிடமும் சொல்லித்தான் அனுப்புவார். ஒரு பெரியவர், தன் வயதைத்தான் சொல்கிறார் என்று நினைத்து, "இல்லப்பா, எழுபதுதான்" என்று திருத்திவிட்டுப் போனார்.

இந்த மனிதர் சாதுதான். ஆனால் 'டிஜிட்டல்' என்ற சொல் காதில் விழுந்தால் மட்டும் மூக்கு சிவந்துவிடும். அந்தச் சொல்லை வீட்டுக்குள் கொண்டுவந்தவன் மச்சான், மனைவியின் தம்பி. லிஃப்ட் மெக்கானிக். உள்ளங்கை அளவு பெட்டி வைத்திருக்கிறான். அதில் வரும் குரல் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து பேசுவது போல அப்பழுக்கில்லாமல் இருக்கும். அத்தானின் பெட்டியோ அனலாக். பேசுகிற குரல் போகிற வழியில் ஒட்டிக்கொண்ட இரைச்சல் எல்லாவற்றையும் கூட்டிக்கொண்டு வந்து சேரும். டிஜிட்டல் அப்படியில்லை. குரலை எண்களாக நறுக்கி அனுப்பும். எதிர்ப்பக்கத்துப் பெட்டி எண்களைப் படித்துப் புதிதாக ஒரு குரலைக் கட்டிக்கொள்ளும். இரைச்சல் இருக்காது. சிக்னல் கொஞ்சம் மெலிந்தால் குரலும் இருக்காது.

"அதாவது மாப்ளே, பேசற ஆளு நிஜம், கேக்கற ஆளு நிஜம். நடுவுல வர்ற குரல் மட்டும் பல்செட்டு."

"பல்செட்டு கட்டியே குடும்பம் நடத்துற ஆளு பேசுற பேச்சா அத்தான் இது?"

"நான் வாய்க்குக் கட்டறேன்டா. நீ பேச்சுக்குக் கட்டற."

இதில் தொழில் பொறாமையும் கலந்திருக்கிறது. ரேடியோவில் ஒருவர் 'ஸ' சொல்வதைக் கேட்டே யாருக்கு எந்தப் பல் ஆடுகிறது என்று சொல்லிவிடுவார். ரேடியோக் கூட்டாளியான மாட்டு டாக்டருக்கு முன்பல் கதை முடிந்தது என்று அவரே அறியும் முன் அறிவித்தவர் இவர். டிஜிட்டலில் அது நடக்காது. "பல்லு விழுந்தவனுக்கும் இவனுங்க பெட்டி ஓசியில பல்லு கட்டி அனுப்புது. அப்புறம் எவன் என்கிட்ட வருவான்?"

ஆனால் இந்தப் பொறாமையெல்லாம் மேல்பூச்சு. உள்ளே இருந்த விஷயம் டீச்சர்.

டீச்சர் மலைக்கு அந்தப் பக்கம் தனியாக இருக்கிறார். கணக்கு டீச்சர், ஓய்வுபெற்றவர். முழங்கால் ஒத்துழைக்காததால் இப்போதெல்லாம் வாசலைத் தாண்டுவதில்லை. கோழிகளும் மாலை நேர ரேடியோவும்தான் உலகம். மலை குறுக்கே நிற்பதால் அவர் குரல் எப்போதும் இரைச்சலில் முங்கித்தான் வரும். மற்றவர்களுக்கு மீன் பொரிக்கிற சத்தம்தான் கேட்கும். நம்மவர் மட்டும் கண்ணை மூடிக்கொண்டு, தலையைச் சாய்த்து, பொரிகிற எண்ணெய்க்குள் கைவிட்டு ஒவ்வொரு வார்த்தையாக எடுத்து ஊருக்குத் திருப்பிச் சொல்வார். சொல்வதோடு நிறுத்தமாட்டார். கோழி முட்டை வைக்கவில்லை என்று டீச்சர் சொன்னால், "கோழி முட்டை வைக்காததுல டீச்சர் ரொம்ப மனசு ஒடிஞ்சு போயிருக்காங்க" என்று போய்ச் சேரும். அந்தப் பக்கம் டீச்சர் ஏதோ கத்துவார். அதையும் இவரே மொழிபெயர்ப்பார்: "ஆமாங்கறாங்க."

சுவரைப் பார்த்துத் திரும்பியிருக்கும் அச்சு டீச்சருடையது. கொரகொரவின் மனைவிதான் ஒருநாள் எனக்குச் சொன்னார். "டீச்சருக்கு இவர் கட்டின செட்டு. எத்தனையோ தரம் இழைச்சுப் பார்த்துட்டார். ச, ஜ சொன்னா விசில் அடிக்குது. டீச்சர் 'பரவால்ல, விடுங்க'ன்னு போட்டுக்கிட்டுப் போயிட்டாங்க. இவருக்குத்தான் அந்த அச்சைப் பார்க்க முடியல. திருப்பி வெச்சுட்டார்." ஆக, தன் தொழிலில் விழுந்த ஒரே சறுக்கல் தினமும் மாலையில் ஊர் முழுக்க ஒலிபரப்பாகிறது. அதைக் கேட்கத்தான் இந்த மனிதர் முதல் ஆளாகப் பெட்டியைப் போடுகிறார்.

இப்படிப் போய்க்கொண்டிருந்த நேரத்தில் ரிப்பீட்டர் செத்தது. ஊரிலேயே உயரமான கட்டடத்தின் உச்சியில் இருந்த பெட்டி அது. மெலிந்த குரல்களை வாங்கிப் பலமாக்கித் திருப்பி எறிவது அதன் வேலை. மழைத்தண்ணீர் இறங்கி உள்ளே வெந்துபோயிற்று. அதன் தயவிலாவது வந்துகொண்டிருந்த டீச்சரின் குரல் இப்போது நேராக மலையேறி வரவேண்டியதாயிற்று. அரைகுறையாய் வந்தது கால்வாசியாய்க் குறைந்தது. புதிதாக வைக்கப்போவது அனலாக்கா டிஜிட்டலா என்று ரேடியோ கிளப்பில் பிரச்சினை கிளம்பியது.

மச்சான் சும்மா இருப்பானா? ஒரு டிஜிட்டல் பெட்டியைக் கொண்டுபோய் டீச்சர் வீட்டில் வைத்து, அதை இன்டர்நெட்டில் கோத்துவிட்டு, இங்கே வந்து பேசிக் காட்டினான். மலையாவது ஒன்றாவது. டீச்சர் கண்ணாடி மாதிரி வந்தார். இரைச்சல் இல்லை, விசிலும் இல்லை. வேறு யாராக இருந்தாலும், அப்பாடா, நம் குறை மறைந்தது என்று கும்பிடு போட்டிருப்பார்கள். இவர் கையைக் கட்டிக்கொண்டு கேட்டுவிட்டு, "இது டீச்சரே இல்ல. டீச்சர் மாதிரி யாரோ பேசறா" என்றார். "அதோட, இன்டர்நெட்ல போறதுக்குப் பேரு ரேடியோ இல்ல மாப்ளே. அதுக்குப் பேரு போன்."

அன்றைக்கு எனக்கே கோபம் வந்தது. ஒரு வயதான மனுஷி வாய் விட்டுப் பேசுகிறார், அது தெளிவாகக் கேட்கிறது, அதில் இவருக்கு என்ன நஷ்டம் என்று கேட்டேன். அவர் மோட்டாரைப் போட்டு எதையோ இழைத்தார். கையில் பல்செட் இல்லை என்பதைப் பிறகுதான் கவனித்தேன்.

ஞாயிற்றுக்கிழமை ஓட்டெடுப்பு. நாற்காலிகள் இருப்பது இவர் பட்டறையில்தான் என்பதால் அங்கேயே கூடினார்கள். எந்தக் கட்சியும் இல்லாதவன் என்று என்னைக் கை எண்ணக் கூப்பிட்டார்கள். அனலாக்குக்கு நாலு கை. டிஜிட்டலுக்கும் நாலு கை, அதில் ஒன்று அவர் மனைவியுடையது. அவரையும் இவர்தான் வற்புறுத்திப் படிக்கவைத்து லைசென்ஸ் வாங்கவைத்திருந்தார்.

"நீயுமா?" என்றார் கொரகொர.

"தம்பிக்காக இல்ல. வீட்டுல கொஞ்சம் சத்தம் குறையும்னுதான்."

மிச்சம் இருந்தது டீச்சரின் ஓட்டு. போன் போட்டுக் கேட்டுவிடலாம் என்றார் மாட்டு டாக்டர். அறையே அவரைப் பார்த்த பார்வையில் மனிதர் சுருங்கிப்போனார். ஹாம் கிளப்பின் ஓட்டைப் போனில் வாங்குவதாவது! இந்த ஒரு விஷயத்தில் அத்தானும் மாப்பிள்ளையும் ஒரே கட்சி. வர முடியாதவர்கள் ரேடியோவில்தான் ஓட்டுப் போட வேண்டும் என்பது சட்டமாம். டிஜிட்டல் பெட்டியை மச்சான் ஏற்கெனவே திருப்பிக் கொண்டுவந்துவிட்டதால் பழைய பெட்டிதான் கதி.

கொரகொர மைக்கை எடுத்தார். "டீச்சர், அனலாக்கா, டிஜிட்டலா? உங்க ஓட்டைச் சொல்லுங்க. ஓவர்."

மீன் பொரிந்தது. எண்ணெய்க்குள்ளிருந்து மெல்லிசாக ஒரு விசில் வந்து போனது. அதன் பிறகு கொஞ்ச நேரம் வெறும் பொரியல்.

"என்ன சொன்னாங்க?" என்றார் மாட்டு டாக்டர்.

எனக்கு விளங்கிவிட்டது. அனலாக் என்ற சொல்லில் ச, ஜ இல்லை, விசிலுக்கு வேலையே இல்லை. மெருகுத் துணியைக் கையில் வைத்துக்கொண்டிருந்த கொரகொரவின் மனைவிக்கும் விளங்கியிருக்க வேண்டும், துணி அசையாமல் நின்றுவிட்டது. மற்றவர்களுக்கு அது ஆயிரம் சத்தங்களில் ஒரு சத்தம். இவர் 'அனலாக்' என்று சொன்னால் அதுதான் டீச்சரின் ஓட்டு, மாலை தோறும் அந்தக் குரலும் இவர் கையில்தான். பொய் சொல்லிவிடுவாரோ என்று எனக்குப் பயமாக இருந்தது. சொல்லிவிட்டால்தான் என்ன என்றும் ஒரு மனசு கேட்டது.

"சரியா விழல. மறுபடியும் சொல்லுங்க டீச்சர். ஓவர்."

மறுபடியும் வந்தது. இந்த முறை விசிலில் கொஞ்சம் கோபம் இருந்தது. அதன் பின்னால் இன்னும் ஏதோ நீளமாகச் சொன்னார். நம்மவர் கண்ணை மூடி, தலையைச் சாய்த்துக் கேட்டுக்கொண்டிருந்தார்.

மச்சான் பையிலிருந்து போனை எடுத்தான். ஒரு நிமிஷம் அத்தானைப் பார்த்தான். போனைத் திரும்பப் பையில் போட்டான்.

"நீங்க சொல்லுங்க அத்தான். நீங்க சொன்னா சரி."

கொரகொர மைக்கை அதன் கொக்கியில் மாட்டினார்.

"டிஜிட்டல்" என்றார். "அவங்க பேச்சை இனிமே அவங்களே பேசிக்கறாங்களாம்."

ஒரு வார்த்தை கூட்டவில்லை, குறைக்கவில்லை. ஓவர்கூடச் சொல்லவில்லை. மச்சான் கை தட்டவில்லை, வேறு யாரும் தட்டவில்லை. ஜெயித்தவர்களும் தோற்றவர்கள் மாதிரி செருப்பைத் தேடிக்கொண்டிருந்தார்கள்.

அவர் எழுந்து அலமாரிக்குப் போனார். மேல்தட்டில் கைவிட்டு டீச்சரின் அச்சை எடுத்தார். தூசியை ஊதினார். பல்வரிசையில் கட்டைவிரலை வைத்து ஒரு கோடியிலிருந்து மறுகோடிவரை தடவி, விசில் கிளம்பும் இடத்தில் நிறுத்தி, நகத்தால் லேசாகக் கீறிக் குறி வைத்தார். பிறகு அதை இருந்த இடத்திலேயே, அறையைப் பார்க்கத் திருப்பி வைத்தார்.