மழைக்கு எழுந்து போனவள்

பதுளையில் எங்கள் சபையில் மாதத்தின் முதல் ஞாயிறு, அப்பமும் திராட்சை இரசமும் பகிரும் திருவிருந்து. அதற்கு முன் ஐந்து நிமிடம் எல்லோரும் கண்மூடி, அவரவர் மனதை அவரவர் ஆராய வேண்டும். அந்த நேரத்தை நடத்துகிறவள் நான்தான். யாழ்ப்பாணத்திலிருந்து ஆசிரியையாக வந்து இங்கேயே தங்கிவிட்டவள். பெண்கள் ஐக்கியத்தின் தலைவி.

கடைசி வாங்கில் ஒரு பெண் உட்காருவாள். பசறைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து பறிப்பவள், நாற்பது வயதிருக்கும். சில மாதங்களில் அந்த மௌனத்தின் நடுவே எழுந்து வெளியே போய்விடுவாள். திருவிருந்துக்கும் திரும்பி வரமாட்டாள். கண்மூடியிருக்க வேண்டிய நான் இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"தன்னை ஆராயிற நேரத்தில எழும்பி ஓடுறாள் எண்டால், உள்ளுக்குள்ள என்னமோ கிடக்குது" என்று ஐக்கியத்தின் செயலாளரிடம் ஒருமுறை சொன்னேன். இரண்டே வாரத்தில் பெண்களெல்லாம் அவளிடமிருந்து தள்ளி உட்காரத் தொடங்கினார்கள். நான் தடுக்கவில்லை.

போன ஐப்பசியில், ஆராதனைக்கு முன் அவளை வாசலிலேயே மறித்தேன்.

"இண்டைக்கு நீர் எழும்பிப் போகக் கூடாது. கர்த்தருக்கு முன்னால ஒண்டையும் ஒளிக்க ஏலாது. விளங்குதோ?"

அவள் முகம் வெளிறியது. "சரிங்க டீச்சர்."

மௌனம் தொடங்கியதும் மழையும் பிடித்துக்கொண்டது. தகரக் கூரையில் அது மட்டும் கேட்டது. அவள் எழவில்லை. எனக்குத் திருப்தியாக இருந்தது.

திடீரென்று வாங்கு சரிந்த சத்தம். அவள் தரையில் கிடந்தாள். இரண்டு கையாலும் சீமெந்துத் தரையைத் தோண்டிக்கொண்டிருந்தாள்.

"மண்ணு வருது! புள்ளையத் தூக்குங்க! ஐயோ, புள்ளையத் தூக்குங்க!"

நகம் பிய்ந்து தரையில் இரத்தம் கோடாக இழுபட்டது. நாலு பேர் சேர்ந்து பிடித்தும் அவளை நிறுத்த முடியவில்லை. அப்போது என் மனதில் முதலில் வந்தது இரக்கமல்ல. 'என்ன கூத்து இது' என்ற எரிச்சல். அதை நினைத்தால் இன்றைக்கும் உடம்பு கூசுகிறது.

மழை விட்ட பிறகு போதகர் வீட்டில் அவள் விரல்களுக்குக் கட்டுப் போட்டு, தேத்தண்ணி கொடுத்து உட்கார வைத்தோம். அவளே சொன்னாள். முன்பு அவள் இருந்த தோட்டத்தில், மழை நாளொன்றில், மலை சரிந்து லயத்து வீடுகள் முழுவதும் மண்ணுக்குள் போயின. இரண்டு வயது மகள் உள்ளே தூங்கிக்கொண்டிருந்தாள்.

"கெடைக்கவே இல்லைங்க. பாட்டு, பிரசங்கம்னு இருந்தா மழ சத்தம் அவ்வளவா தெரியாது. எல்லாரும் பேசாம இருக்கையில அது மட்டும்தான் கேக்கும். வெளிய போயி நின்னா மலை தெரியும். அதையே பாத்துக்கிட்டு நிப்பேன்."

"இதை ஏன் எனக்குச் சொல்லேல்லை?"

அவள் வியப்போடு என்னைப் பார்த்தாள்.

"ஒங்களுக்குத் தெரியும்னுல்ல நெனச்சேன். கேம்புக்கு வந்து என்னையக் கட்டிப்பிடிச்சு அழுதது நீங்கதானே டீச்சர்? ஒங்களத் தேடித்தான் நான் இந்தச் சபைக்கே வந்தேன்."

மண்சரிவில் வீடிழந்தவர்களைத் தங்கவைத்த முகாமுக்குப் போனது நினைவிருந்தது. பிள்ளையைப் பறிகொடுத்த ஒரு தாயை அணைத்துக்கொண்டதும் நினைவிருந்தது. கர்த்தர் என்னை எப்படிப் பயன்படுத்தினார் என்று அந்தத் தாயின் கதையைச் சபையில் எத்தனையோ முறை சாட்சியாகச் சொல்லியிருக்கிறேன். அவள் முகம்தான் நினைவில்லை. நான் சாட்சி சொன்ன நாட்களில் அவள் கடைசி வாங்கில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்திருக்கிறாள்.

"என்னை மன்னிச்சுக்கொள்ளும்" என்றேன்.

"ஐயோ, அப்படியெல்லாம் சொல்லாதீங்க" என்றவள், கட்டுப் போட்ட விரல்களைப் பார்த்துக்கொண்டே, "ஆனா வாசல்ல நீங்க பேசினதுக்கு ரொம்பப் பயந்துட்டேங்க. மழையவிட" என்றாள்.

அடுத்த ஞாயிறு, அவளைப் பற்றி நான் பரப்பியதைச் சபைக்கு முன்னால் நின்று ஒப்புக்கொண்டேன். அந்த ஐந்து நிமிடத்தை நடத்தும் பொறுப்பையும் விட்டுவிட்டேன். அவள் இரண்டு மாதம் வரவில்லை. பிறகு வந்தாள். மழை பிடித்தால் நானும் அவளோடு வெளியே போய் நிற்கிறேன்.

போன மாதம் ஜெபத்தின் நடுவே புதிதாக வந்த ஒருத்தி போனைப் பார்த்துச் சிரித்தாள். அவள் எப்பேர்ப்பட்டவள் என்று ஒரு நொடியில் என் மனம் தீர்ப்பை எழுதி முடித்துவிட்டது. திடுக்கிட்டுப் போய்க் கண்ணை இறுக மூடிக்கொண்டேன்.